பறவைகளின் நுரையீரல் பூஞ்சை: மருந்துகள், நெபுலைசர், எதிர்ப்புச் சோதனைத் தட்டு - ஒரு மதிப்புரை

வாரக்கணக்கில் மருந்து போன பிறகும் கிளி வாலை ஏற்றி இறக்கி மூச்சு வாங்குகிறது, எடை ஏறவில்லை, குரல் திரும்பவில்லை என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது "ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டது" என்ற பேச்சுதான். பூஞ்சை மருந்துக்கு மசியாமல் போவது உண்மையிலேயே நடக்கிறது, அதுவும் கூடிக்கொண்டே வருகிறது. ஆனால் பறவை மருத்துவத்தில் அந்தப் பழியைப் பூஞ்சை மேல் போடுவதற்கு முன் விசாரிக்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள்: குப்பிக்குள் இருக்கும் சரக்கு, அதைக் கரைத்த விதம், இரை கொடுத்த நேரம், புகையாக அடித்த கருவி. இந்த மதிப்புரை அந்த வரிசையில்தான் போகிறது. அளவுகள் எல்லாம் பறவை மருத்துவர்கள் கையாளும் வரம்புகள். இனத்துக்கு இனம் மாறும், எனவே மருத்துவர் கையெழுத்தில்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

எதிரி யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ். அடுத்து ஃபிளேவஸ், நைஜர். இதன் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான், மூக்கில் சிக்காமல் நேரே உள்ளே போய்விடும். பறவைக்கு உதரவிதானம் கிடையாது, இருமித் தள்ள முடியாது. உள்ளிழுக்கும் காற்றில் பெரும்பங்கு முதலில் பின்பக்கக் காற்றுப்பைகளுக்குத்தான் போகிறது. அதனால் கட்டியும் தயிர்க்கட்டி போன்ற படலமும் அங்கேதான் அதிகம் படிகின்றன. காற்றுப்பைச் சுவரில் இரத்த ஓட்டம் மிகக் குறைவு. வாய்வழி மருந்து இரத்தத்தில் நன்றாக ஏறியிருந்தாலும் அந்தப் படலத்தின் நடுவுக்குப் போய்ச் சேர்வது கடினம். இன்னொரு சங்கதி: அந்தப் படலம் காற்றைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் பூஞ்சை அங்கே பச்சையாகப் பூத்து வித்து விடும். என்டோஸ்கோப்பில் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சைப் பூப்பு தெரியும். ஒவ்வொரு வித்தும் ஒரு புதிய பிரதி. குறைந்த அளவு மருந்து மாதக்கணக்கில் ஓடும் உடலுக்குள் கோடிக்கணக்கில் பிரதி எடுக்க விட்டால், மருந்தைத் தாங்கும் ஒன்று முளைக்க வாய்ப்பு இருக்கிறது. மனிதர்களில் நுரையீரல் குழிக்குள் பூஞ்சை உருண்டை இருப்பவர்களிடம் இது நன்றாகவே பதிவாகியிருக்கிறது.

முதலில் ஒதுக்க வேண்டியவை

ஃபுளூகோனசோல். அலமாரியில் எப்போதும் இருக்கும், தண்ணீரில் எளிதில் கரையும், பறவைகளும் நன்றாகத் தாங்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கு மட்டும் வேலை செய்யாது. இது பின்னால் வந்த எதிர்ப்பு அல்ல, பிறவியிலேயே உள்ளது. காண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு நல்ல மருந்து. நுரையீரல் ஆஸ்பெர்ஜில்லஸுக்குப் பூஜ்யம். நிஸ்டாட்டினும் அப்படியே: குடலைத் தாண்டாது, இரைப்பையிலும் வாயிலும் உள்ள காண்டிடாவோடு அதன் வேலை முடிந்தது. இந்த இரண்டையும் கொடுத்துவிட்டு "மருந்து எதிர்ப்பு" என்று எழுதிய சீட்டுகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

இட்ராகோனசோல்: பெயர் ஒன்று, சரக்கு மூன்று

பல இடங்களில் முதல் தேர்வு இன்னும் இதுதான். பொதுவான அளவு கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி., நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை. ஆனால் கடையில் இதே பெயரில் கிடைக்கும் மூன்று வடிவங்களும் உடலுக்குள் மூன்று வெவ்வேறு மருந்துகள்போல நடந்துகொள்கின்றன.

முதல் வடிவம் 100 மி.கி. கேப்சூல். உள்ளே இருப்பது தூள் அல்ல, சர்க்கரை மணிகள். மணியின் மேல் மருந்து மெல்லிய பூச்சாக இருக்கிறது. கரைவதற்கு இரைப்பையில் அமிலமும் கூடவே உணவும் வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஏதாவது கூட ஓடினால் உறிஞ்சுதல் படுத்துவிடும். மணிகளை உரலில் இட்டு நுணுக்கித் தண்ணீரில் கலக்கும் பழக்கம் ஒன்று உண்டு; பூச்சின் அமைப்பு சிதைந்துபோகிறது, மருந்து அடியில் மண்ணாகப் படிகிறது, முதல் வேளைக்குத் தண்ணீரும் கடைசி வேளைக்கு மொத்த மருந்தும் போகிறது. மணிகளை எண்ணிக் கொடுப்பதே நல்ல வழி. ஒரு கேப்சூலைத் திறந்து மொத்த மணிகளை எண்ணி, 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு மணிக்கு எத்தனை மி.கி. என்று தெரிந்துவிடும். 400 மணிகள் இருந்தால் ஒன்றுக்கு 0.25 மி.கி.; 450 கிராம் கிளிக்குக் கிலோவுக்கு 5 மி.கி. என்றால் 2.25 மி.கி., அதாவது 9 மணிகள். கம்பெனி மாறினால் மணியின் பருமனும் எண்ணிக்கையும் மாறும், மறுபடி எண்ண வேண்டும். மணிகளை அமிலத்தில் கரைத்து ஆரஞ்சுச் சாற்றில் கலக்கும் பழைய முறையும் இருக்கிறது. அடுத்து சொல்லப்போகும் திரவம் கிடைக்காத இடத்தில் மட்டும் அதற்கு வேலை.

இரண்டாவது வடிவம் மி.லி.க்கு 10 மி.கி. உள்ள கம்பெனித் திரவம். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து வளையத்துக்குள் மருந்தை அடைத்துக் கரைத்திருப்பார்கள். அமிலத்தை நம்பியிருக்காது, வெறும் வயிற்றில் இன்னும் நன்றாக ஏறும். அதே 450 கிராம் கிளிக்கு 0.22 மி.லி. போதும், 1 மி.லி. சிரிஞ்சில் சரியாக அளக்கலாம். சைக்ளோடெக்ஸ்ட்ரின் குடலில் தங்கி நீரை இழுப்பதால் எச்சம் நீர்த்துப் போகலாம். மூன்று வடிவங்களில் எங்கள் ஓட்டு இதற்குத்தான், தயக்கமே இல்லை.

மூன்றாவது வடிவம், மருந்தகத்தில் மூலப்பொடி வாங்கிக் கையால் கலக்கித் தரும் சஸ்பென்ஷன். விலை மலிவு, சுவை சேர்த்துத் தருவார்கள், பார்க்க வெண்மையாக அழகாக இருக்கும். இதை வாங்காதீர்கள். 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஆப்பிரிக்கக் கரும்பாதப் பெங்குவின்களுக்குக் கம்பெனி மருந்தையும் இப்படிக் கலக்கிய மருந்தையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். கலக்கிய மருந்து கொடுத்த பறவைகளின் இரத்தத்தில் அளவிடும் அளவுக்கு மருந்தே ஏறவில்லை. இட்ராகோனசோல் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையவே கரையாத பொருள். பொடியை வெறுமனே மிதக்க விட்டால் வந்த வழியே எச்சத்தில் போய்விடும். இரண்டு மாதம் இதைக் குடித்த பறவை குணமாகவில்லை என்றால் அது மருந்தே குடிக்காத பறவை என்று வைத்துக்கொள்வதுதான் சரி. இன்னும் மோசம், இரத்தத்தில் கொஞ்சமாக ஏறும் நாட்களில் பூஞ்சைக்கு அது சாகாமல் பழகுவதற்கான பயிற்சியாகவும் ஆகிவிடலாம்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த இனம் இட்ராகோனசோலைத் தாங்குவதில்லை; இரை எடுக்காமல், சோர்ந்து உட்கார்ந்துவிடும். பலர் கிலோவுக்கு 2.5 முதல் 5 மி.கி. வரை நாளுக்கு ஒரு வேளையோடு நிறுத்துகிறார்கள். பலர் இதைத் தொடாமல் அடுத்த மருந்துக்கே போகிறார்கள்.

வோரிகோனசோல்: வலிமை உண்டு, நிதானம் இல்லை

ஆஸ்பெர்ஜில்லஸை நிறுத்துவதோடு கொல்லவும் செய்யும் அசோல் (இட்ராகோனசோலும் சேர்ந்த, பெயர் 'கோனசோல்' என்று முடியும் மருந்துக் குடும்பம்). பிரச்சினை, எந்த இரண்டு பறவை இனமும் இதை ஒரே வேகத்தில் வெளியேற்றுவதில்லை. வல்லூறுகளுக்குக் கிலோவுக்கு 12.5 மி.கி. நாளுக்கு இரு வேளை. டிம்னே சாம்பல் கிளிக்கு 12 முதல் 18 மி.கி. இரு வேளை, ஹிஸ்பானியோலா அமேசான் கிளிக்கு 18 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. புறாவுக்கு 10 மி.கி. இரு வேளை. பெங்குவினுக்கோ கிலோவுக்கு 5 மி.கி. நாளுக்கு ஒரே வேளை. வல்லூறின் அளவைப் பெங்குவினுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பல உயிரியல் பூங்காக்களின் பதிவுகள் சொல்கின்றன: இரை மறுப்பு, தள்ளாட்டம், கால் பலவீனம், பார்வை தடுமாற்றம், வலிப்பு. கிளிகளில் எதிர்ப்பக்கச் சிக்கல். தொடர்ந்து கொடுக்கக் கொடுக்க ஈரல் இந்த மருந்தை வேகமாக உடைக்கப் பழகிக்கொள்கிறது, முதல் நாள் இருந்த இரத்த அளவு அடுத்த வாரம் இருப்பதில்லை. இதுவும் வெளியிலிருந்து பார்த்தால் "எதிர்ப்பு" மாதிரியே தெரியும்.

வடிவங்களைப் பொறுத்தவரை, தண்ணீர் சேர்த்துக் கலக்கும் கம்பெனி சஸ்பென்ஷன் மி.லி.க்கு 40 மி.கி. நல்ல சரக்கு, ஆனால் இரண்டு எரிச்சல்கள். கலக்கும் வரை குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய பொடி இது. கலக்கிய பிறகு குளிர்பெட்டிக்குள் வைக்கக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கலக்கிய 14 நாளில் மிச்சத்தைக் கொட்ட வேண்டும். 450 கிராம் கிளிக்கு ஒரு வேளைக்கு 0.13 மி.லி. சுமார்தான் போகிறது என்பதால் பாட்டிலின் பெரும்பகுதி சாக்கடைக்கே. அந்தச் சிறிய அளவை 5 மி.லி. சிரிஞ்சில் அளக்க முயலாதீர்கள், கோடு ஒன்று தப்பினால் இரட்டிப்பாகிவிடும். இந்த மருந்தின் இரத்த அளவு கொடுத்த அளவுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் தாவி ஏறும். அதனால் இங்கே இரட்டிப்பு என்பது விளையாட்டு அல்ல. 200 மி.கி. ஊசிக் குப்பியில் 19 மி.லி. ஊசி நீர் சேர்த்தால் மி.லி.க்கு 10 மி.கி. வரும், தெளிவான கரைசல், சிறு பறவைக்கு அளக்க எளிது, ஆனால் லேபிள்படி குளிரில் 24 மணி நேரம்தான்.

வேட்டைப் பறவைக்காரர்கள் மாத்திரையை இறைச்சித் துண்டுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். வசதிதான். ஆனால் வல்லூறுகளில் இறைச்சியோடு போகும்போது இரத்தத்தில் ஏறும் உச்சம் குறைகிறது. குழாய் வழியாக வெறும் இரைப்பையில் விடுவதே மேல்.

இரத்த அளவுச் சோதனை: அதிகம் பேர் வாங்காத, வாங்க வேண்டிய சேவை

எதிர்ப்பு என்று சொல்வதற்கு முன் இதைச் செய்யாவிட்டால் மீதி எல்லாம் ஊகம். அடுத்த வேளைக்குச் சற்று முன் இரத்தம் எடுக்க வேண்டும். வோரிகோனசோலுக்கு மி.லி.க்கு 1 முதல் 5.5 மைக்ரோகிராம் என்ற மனித இலக்கையே பறவைக்கும் கடன் வாங்குகிறார்கள், இட்ராகோனசோலுக்கு 0.5 முதல் 1-க்கு மேல். கிளியில் வோரிகோனசோல் அவ்வளவு வேகமாகப் போவதால் வேளைக்கு முன் எடுத்த மாதிரி பூஜ்யமாக வரலாம். மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் இன்னொரு மாதிரியும் எடுத்தால்தான் படம் முழுமையாகும். உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது என்பதால் 450 கிராம் பறவையில் மொத்த எல்லை 4.5 மி.லி.; ஆய்வகத்துக்கு வேண்டியது அதில் சிறு பங்குதான்.

கெட்டுப்போகும் இடம் எங்கே என்றால் இரத்தம் பிடிக்கும் குழாயில். ஜெல் உள்ள குழாயில் எடுக்காதீர்கள், ஜெல் அசோலை உறிஞ்சிக்கொள்ளும், பொய்யாகக் குறைந்த அளவு வரும். ஆய்வகம் எந்த முறையில் அளக்கிறது என்றும் கேளுங்கள். உயிரி முறையில் (இரத்தம் பூஞ்சையை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து) அளந்தால் இட்ராகோனசோலோடு அதிலிருந்து உடல் உண்டாக்கும் ஹைட்ராக்ஸி வடிவத்தின் வேலையும் சேர்ந்து எண்ணப்படும், மருந்தைத் தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. முறை காட்டுவதைவிடப் பல மடங்கு பெரிய எண் வரும். இரண்டு ஆய்வகத்தின் தாள்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் பலரின் சிக்கல் இதுதான்.

நான்கு குழித் தட்டு

மருந்து சரி, இரத்த அளவும் சரி, பறவை மட்டும் சரியாகவில்லை. இப்போதுதான் பூஞ்சையை விசாரிக்க வேண்டும்.

அசோல்கள் தாக்குவது சிப்51ஏ என்ற மரபணு உண்டாக்கும் நொதியை. பூஞ்சைச் சவ்வுக்கான எர்கோஸ்டெராலை உண்டாக்குவதில் அதற்குப் பங்கு உண்டு. அந்த மரபணுவில் ஒரு எழுத்து மாறினாலும் மருந்து பூட்டில் பொருந்தாத சாவியாகிவிடும். பறவைக்காரர்களுக்கு முக்கியமான செய்தி, எல்லா எதிர்ப்பும் பறவையின் உடலில் பிறப்பதில்லை. டிஆர்34/எல்98ஹெச், டிஆர்46/ஒய்121எஃப்/டி289ஏ என்ற இரண்டு மாற்றங்களும் வயலிலிருந்து வருபவை. டெபுகோனசோல், புரோபிகோனசோல், டைஃபெனோகோனசோல் போன்ற பயிர்ப் பூஞ்சைக்கொல்லிகள் மருத்துவ அசோல்களுக்குப் பங்காளிகள். தாவரக் கழிவு மக்கும் குவியலில் அவை தங்கும்போது ஆஸ்பெர்ஜில்லஸ் அங்கேயே பழகிவிடுகிறது. அதனால் வாழ்நாளில் ஒரு துளி மருந்தும் குடிக்காத பறவைக்கும் முதல் நாளே எதிர்ப்புள்ள பூஞ்சை தொற்றலாம். பெல்ஜியம், நெதர்லாந்துப் பறவைகளிலிருந்து எடுத்த ஃபியூமிகேட்டஸில் இட்ராகோனசோல், வோரிகோனசோல் இரண்டுக்கும் மசியாதவை இருந்ததை 2009-இலேயே பதிவு செய்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸை மிக அவசரமான முதல் வரிசையில் வைத்ததற்கும் இதே அசோல் எதிர்ப்பு ஒரு காரணம்.

இதைக் கண்டுபிடிக்க மலிவான, நேரடியான பொருள் நான்கு குழி அகார் தட்டு. நெதர்லாந்தில் உருவான விப்செக் இந்த வகையில் பெயர் பெற்றது. ஆய்வகங்கள் சொந்தமாகவும் வார்த்துக்கொள்கின்றன. ஐரோப்பிய முறைப்படி ஒரு குழியில் இட்ராகோனசோல் லிட்டருக்கு 4 மி.கி., இன்னொன்றில் வோரிகோனசோல் 2 மி.கி., மூன்றாவதில் போசகோனசோல் என்ற இன்னொரு அசோல் 0.5 மி.கி., நான்காவதில் மருந்து இல்லை. மருந்தில்லாக் குழியில் வளர்ந்தே ஆக வேண்டும். மற்ற மூன்றில் எதிலாவது வளர்ந்தால் சந்தேகம்.

செய்வது எளிது, கெடுப்பது அதைவிட எளிது. ஃபியூமிகேட்டஸ் வித்து தண்ணீரை வெறுக்கும். வெறும் உப்பு நீரில் தொட்டால் மேலே மிதந்து பறக்கும், அடுத்த குழியில் போய் உட்காரும். 0.1 சதவீத ட்வீன் 20 (சோப்புபோல நனைய வைக்கும் பொருள்) சேர்த்த மலட்டு நீரில் ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சியால் மெதுவாக எடுத்து, 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவந்து, குழிக்கு 25 மைக்ரோலிட்டர் விட வேண்டும். ஒரே காலனியை மட்டும் எடுக்காதீர்கள். ஒரே படலத்துக்குள் மசியும் பூஞ்சையும் மசியாததும் கலந்து கிடக்கலாம்; ஐந்து காலனிகள் வரை தொடுவது நல்லது. 35 முதல் 37 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்தில் ஒரு பார்வை, 48-இல் முடிவு. மூடியில் வியர்க்கும் நீர்த்துளி ஒரு குழியிலிருந்து அடுத்ததற்கு வித்தைச் சுமந்து போய்விடும். ஓரத்தில் ஒற்றைப் புள்ளியாக வளர்ந்திருந்தால் முதலில் இதைச் சந்தேகித்துச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

எந்தக் குழியில் வளர்ந்தது என்பதைப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் தட்டு கூடுதலாகவும் பேசும். இட்ராகோனசோல், போசகோனசோல் இரண்டிலும் வளர்ந்து வோரிகோனசோலில் மட்டும் சுத்தமாக இருந்தால் ஜி54 போன்ற மாற்றமாக இருக்கலாம்; அது நீண்ட சிகிச்சையில் உடலுக்குள் பிறப்பது, வோரிகோனசோலுக்கு இன்னும் வழி உண்டு. வோரிகோனசோல் குழியில் அடர்த்தியாக வளர்ந்து இட்ராகோனசோலில் மங்கலாகவோ இல்லாமலோ இருந்தால் டிஆர்46 பக்கம் சந்தேகம் போகும். மூன்றிலும் வளர்ந்தால் டிஆர்34 பக்கம்; அந்த நிலையில் ஒரு அசோலை விட்டு இன்னொரு அசோலுக்குத் தாவுவது நாட்களை வீணாக்குவது மட்டுமே.

தட்டின் குறை: இது வடிகட்டி, தீர்ப்பு அல்ல. சந்தேகம் வந்தால் அதே வளர்ப்பை (வளர்த்தெடுத்த பூஞ்சையை) திரவ முறை எம்.ஐ.சி. சோதனைக்கு, அதாவது பூஞ்சை வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவைக் காணும் சோதனைக்கு, அனுப்ப வேண்டும். ஐரோப்பியக் கோட்டின்படி இட்ராகோனசோல், வோரிகோனசோல் இரண்டுக்கும் லிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் போனால் எதிர்ப்பு என்று கணக்கு, 2 மி.கி. என்பது இழுபறி எல்லை. இந்தக் கோடுகள் மனித உடலை வைத்துப் போட்டவை, பறவைக்கென்று தனிக் கோடு இல்லை. கிளியின் இரத்தத்தில் வோரிகோனசோல் 1 மைக்ரோகிராமைக்கூட எட்டாதபோது தாளில் "மசியும்" என்று வந்தால் அதற்கு அர்த்தம் குறைவு. இரண்டு தாளையும் சேர்த்துப் படியுங்கள்.

பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கித் தேடும் சோதனை) கிட்டுகள் பற்றியும் ஒரு வரி. டிஆர்34, டிஆர்46 மாற்றங்களைத் திசுவிலிருந்தே நேராகத் தேடும் கிட்டுகள் உண்டு. வளர்ப்பு முளைக்காத மாதிரிகளில் பெரிய உதவி. ஆனால் தேடச் சொன்னதை மட்டுமே தேடும். சிப்51ஏ-வுக்கு வெளியே உள்ள மாற்றங்களும், மருந்தை வெளியே தள்ளும் பம்புகளும் இதன் கண்ணில் படாது. "காணவில்லை" என்ற முடிவை "மசியும்" என்று படிக்கக் கூடாது.

மாதிரி எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதி வெற்றி. தொண்டைப் பஞ்சுக்குச்சியில் வளர்வது கூண்டுத் தூசியாகவும் இருக்கலாம். என்டோஸ்கோப் வழியாகப் படலத்தின் ஓரத்திலிருந்து கிள்ளிய துண்டு வேண்டும். நடுப்பகுதி செத்துப்போன சக்கை. ஃபார்மலினில் போட்டால் வளர்ப்புக்கு வழியே இல்லை, மலட்டு உப்பு நீரில் ஒரு துண்டு தனியாக அனுப்புங்கள். வளர்ந்தது ஃபியூமிகேட்டஸ்தானா என்பதையும் உறுதி செய்யச் சொல்லுங்கள். லென்டுலஸ் என்ற இரட்டையன் பார்க்க அதே மாதிரி இருக்கும், அசோலுக்கும் ஆம்ஃபோடெரிசினுக்கும் இயல்பாகவே மசிவது குறைவு. 50 டிகிரியில் ஃபியூமிகேட்டஸ் வளரும், அது வளராது.

ஆம்ஃபோடெரிசினும் நெபுலைசரும்

அசோல் வழி அடைபட்டால் அடுத்த கதவு ஆம்ஃபோடெரிசின் பி. சிப்51ஏ மாற்றம் இதைத் தொடாது, இந்த மருந்து நேராக எர்கோஸ்டெராலைப் பிடிக்கும். சிரைவழி கிலோவுக்கு 1.5 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்று முதல் ஐந்து நாள். மூச்சுக்குழாய்க் கட்டிக்குக் கிலோவுக்கு 1 மி.கி. நேரே குழாய்க்குள். பறவையின் சிறுநீரகம் பாலூட்டிகளைவிட இதைத் தாங்குகிறது, ஆனாலும் யூரிக் அமிலத்தைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸில் டெரியஸ் இனம் இதற்குப் பிறவியிலேயே மசியாது, ஃபிளேவஸும் அரைமனதுதான்.

கரைப்பதில் ஒரே ஒரு தவறு எல்லாவற்றையும் பாழாக்கும். 50 மி.கி. குப்பியில் ஊசி நீர் 10 மி.லி. சேர்த்தால் மி.லி.க்கு 5 மி.கி. மஞ்சள் கரைசல் வரும். அதில் உப்பு நீர் பட்டால் பால்போலத் திரிந்து வீழ்படிவாகும். பழக்கத்தில் கை உப்பு நீர்ப் பாட்டிலுக்குத்தான் போகும். மேலும் நீர்க்க வேண்டுமானால் ஊசி நீர் அல்லது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். லிபோசோம் (கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த) வடிவத்துக்கும் உப்பு நீர் ஆகாது.

நெபுலைசரில் மி.லி.க்கு 1 மி.கி. கரைசலை 15 நிமிடம், நாளுக்கு இரு வேளை என்பது வழக்கம். கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியது துளியின் பருமன். 5 மைக்ரானுக்கு மேல் உள்ள துளி மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நின்றுவிடும். பறவைக்கு 3-க்குக் கீழே இருந்தால் நல்லது. அறையை ஈரப்படுத்தும் குளிர் ஆவிக் கருவியை இதற்குப் பயன்படுத்துவது இறகைக் கழுவுவதற்குச் சமம். மீயொலிக் கருவிகள் சத்தமில்லாமல் ஓடும், ஆனால் கரைசலைச் சூடாக்கும், சஸ்பென்ஷனைச் சரியாகத் தூக்காது. கம்ப்ரசரில் ஓடும் ஜெட் வகைதான் நம்பகமானது. சத்தம் மட்டும் வல்லூறுகளுக்குப் பிடிக்காது. மெஷ் (நுண்துளைத் தகடு) வகை நல்ல துளி தரும், ஆம்ஃபோடெரிசின் நுரைத்து மெஷ் அடைபட்டால் மணிக்கணக்கில் கழுவ வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: புகை காற்று போகும் இடத்துக்குத்தான் போகும். கெட்டிப்பட்ட நுரையீரலுக்குள்ளும் அடைபட்ட காற்றுப்பைக்குள்ளும் காற்றே போவதில்லை. நெபுலைசர் துணைப்படை, தனியாகப் போர் செய்யாது.

டெர்பினாஃபின், போசகோனசோல்

டெர்பினாஃபின் வேறு நொதியைத் தாக்குவதால் அசோல் எதிர்ப்புக்கும் இதற்கும் பகை இல்லை. கிலோவுக்கு 15 மி.கி. சுமார் பல இனங்களில் ஓடுகிறது, பக்கவிளைவு குறைவு. தனியாக ஃபியூமிகேட்டஸைச் சாய்க்கும் வலு கிடையாது. கூட்டாளியாக மட்டும் வாங்குங்கள். போசகோனசோல் நல்ல மருந்து, ஆனால் பறவைகளில் அளவு பற்றிய தரவு மெலிது, டிஆர்34 உள்ள பூஞ்சையிடம் இதுவும் தோற்கும்.

கூண்டுக்குள் போகும் அசோல்

எனில்கோனசோல் புகையும் தெளிப்பும் குஞ்சு பொரிப்பகங்களில் பூஞ்சையைக் குறைக்கப் பயன்படுகின்றன. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இதுவும் அதே சிப்51 நொதியைத் தாக்கும் அசோல். வருடக்கணக்கில் ஒரே கொட்டகையில் அடித்துக்கொண்டே இருந்தால் அங்கே மிஞ்சுவது எதுவாக இருக்கும் என்று யோசிக்க வேண்டும். கிருமிநீக்கத்துக்கு அசோல் அல்லாத பென்சல்கோனியம், பாலிஹெக்சனைடு கலவைகளை முதலில் முயலுங்கள். ஈரமான வைக்கோல், மரப்பட்டை, சோளக்கட்டைத் துருவல் எதையும் படுக்கையாகப் போடாதீர்கள். மக்கும் குவியலின் காற்றுவாக்கில் கூண்டு வைக்காதீர்கள். ஆரோக்கியமான வல்லூறுக்கும் பெங்குவினுக்கும் இடமாற்றத்தின்போது இட்ராகோனசோல் முன்காப்பாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இடமாற்றத்தையொட்டிச் சில வாரத்தோடு நிறுத்துவது சரி, சீசன் முழுக்க ஓட்டுவது எதிர்ப்பை விலை கொடுத்து வாங்குவது.

மூன்று குழியிலும் வளர்ந்த பறவைக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். அசோலை நிறுத்துங்கள். ஆம்ஃபோடெரிசின் சிரைவழியும் நெபுலைசரும் சேர்ந்து ஓடட்டும், டெர்பினாஃபின் வாய்வழி கூடட்டும். எட்டக்கூடிய படலத்தை என்டோஸ்கோப் வழியாக உரித்தெடுக்க முடியுமானால் எந்த மருந்தையும்விட அது பெரிய லாபம். மருந்து நுழையாத இடமே இல்லாமல் போய்விடும். உரித்தெடுத்ததைக் குப்பையில் போடாமல் ஒரு பகுதியை மறுபடி வளர்ப்புக்கும் ஆம்ஃபோடெரிசின் எம்.ஐ.சி.க்கும் அனுப்பி வையுங்கள்.